விரிக்கும் வேகத்தையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒலிப்பதிவுகளை இழப்பின்றிச் சேமிக்க விரும்புவோர் பலர், எந்த வடிவம் கோப்பை அதிகம் சுருக்குகிறது என்பதை மட்டுமே பார்க்கின்றனர். இத்தகைய வடிவங்களில் ஒன்றான மங்கீஸ் ஆடியோவின் (Monkey's Audio) உயர் சுருக்க நிலைகள், மற்றொரு வடிவமான ஃபிளாக்கைவிடச் (FLAC) சில விழுக்காடு கூடுதலாகச் சுருக்குவது உண்மைதான். ஆனால், சுருக்குவதற்கு ஆகும் கணக்கீட்டுக்கு ஏறத்தாழ இணையான உழைப்பு ஒவ்வொரு முறை கோப்பை விரித்துக் கேட்கும்போதும் தேவைப்படுவதால், திறன் குறைந்த கையடக்கக் கருவிகள் திணறுகின்றன, மின்கலமும் விரைவில் தீர்கிறது. ஃபிளாக்கிலோ, 0 முதல் 8 வரை எந்தச் சுருக்க நிலையைத் தேர்ந்தாலும் கூடுதல் உழைப்பு சுருக்கும்போது ஒருமுறை மட்டுமே. விரிக்கும் வேகம் பெரிதாக மாறுவதில்லை. சேமிப்பு வட்டுகள் மலிந்துவிட்ட நிலையில், அந்தச் சில விழுக்காட்டுக்காக இவ்வளவு சுமையை ஏற்பது வீண் என்றே கருதுகிறேன். 2024 டிசம்பரில் ஃபிளாக்கின் வரையறை ஆர்.எஃப்.சி. 9639 என்ற இணையத் தர ஆவணமாகவும் வெளிவந்துள்ளதால், ஒலிக் காப்பகங்கள் அதனையே தயக்கமின்றித் தேர்ந்தெடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்