மன்னர் சார்லஸுக்கு: ரயிலை விட்டுவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய மன்னர் சார்லஸ் அவர்களுக்கு,

வணக்கம். அரச ரயிலை 2027 மார்ச்சுக்குள் நிறுத்திவிடப் போகிறோம் என்று 2025 ஜூன் கடைசியில் உங்கள் அரண்மனை அறிவித்தது. அன்றிலிருந்து இந்தக் கடிதம் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பராமரிப்புச் செலவு அதிகம், புதிதாக வந்திருக்கும் இரண்டு ஹெலிகாப்டர்கள் போதும் என்று காரணம் சொன்னார்கள். ஒன்பது பெட்டிகளும் பழசாகிவிட்டன, வருடத்துக்கு ஒருசில தடவைதான் ஓடுகின்றன. கணக்கை மட்டும் பார்த்தால் சரிதான். வேறொரு மன்னர் இந்த முடிவை எடுத்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். ஆனால் 2010 செப்டம்பரில் அரச ரயிலைப் பழைய சமையல் எண்ணெயில் ஓட்டிக்கொண்டு ஐந்து நாள் நாட்டைச் சுற்றி வந்தவர் நீங்கள். பொரித்து எடுத்து மிஞ்சிய எண்ணெயில் ரயிலே ஓடும் என்று ஊருக்கெல்லாம் காட்டியவர், ரயிலை விட்டு ஹெலிகாப்டருக்குப் போகிறார் என்றால் மனது கேட்கவில்லை.

உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. இருப்பதால்தான் வருத்தமும். 1970 பிப்ரவரியில், 21 வயதில், கார்டிஃபில் பேசியபோதே பிளாஸ்டிக் குப்பையைப் பற்றியும் கடலில் கலக்கும் எண்ணெயைப் பற்றியும் பேசினீர்கள். அந்த வயதில் ஓர் இளவரசருக்குப் பேச எத்தனையோ சுலபமான விஷயங்கள் இருந்திருக்கும். எண்பதுகளின் நடுவில் ஹைக்ரோவ் பண்ணையில் ரசாயன உரத்தை நிறுத்தினீர்கள். இயற்கை விவசாயம் என்றாலே கிறுக்குத்தனம் என்று நினைத்த காலம் அது. அப்புறம் அதே பண்ணை ஓட்ஸில் பிஸ்கட் செய்து விற்கவும் செய்தீர்கள்.

சாப்பாட்டிலும் உங்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் இறைச்சியும் மீனும் கிடையாது, ஒரு நாள் பால் பொருளும் கிடையாது என்று 2021 அக்டோபரில் பிபிசியிடம் சொன்னீர்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "நாம் செவ்வாய், வெள்ளி கவுச்சி எடுக்காமல் இருப்பது மாதிரிதானே" என்றார். மதியம் நீங்கள் சாப்பிடுவதே இல்லை என்றதும்தான், "ஐயோ, இந்த வயதிலா" என்று கவலைப்பட்டார். வாத்தின் தொண்டையில் குழாயை விட்டு இரையைத் திணித்து, ஈரலை வீங்கவைத்துச் செய்கிற ஃபுவா க்ரா உங்கள் அரண்மனைகளில் கிடையாது என்று 2022இல் எழுத்திலேயே உறுதி செய்தார்கள். முடிசூட்டு விழாவுக்கென்று ஊர் மக்களுக்கு நீங்கள் சொன்ன பலகாரமும் பசலைக்கீரையும் பீன்ஸும் போட்ட ஒரு கீஷ்தான், அதாவது மாவு ஓட்டில் முட்டையும் பாலும் ஊற்றிச் சுடுகிற பலகாரம். வாய்ச்சொல்லும் தட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறது.

பயணத்தில்தான் அப்படி இல்லை. மிஞ்சிய ஒயினிலும் பாலாடைக்கட்டியிலிருந்து வடியும் நீரிலும் செய்த எரிபொருளில் ஓடும் உங்கள் ஆஸ்டன் மார்ட்டினை எல்லோரும் பாராட்டுகிறார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எப்போதாவது வெளியே எடுக்கிற ஒரு கார் அது. ஆனால் 2023 டிசம்பர் 1ஆம் தேதி துபாயில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. காலநிலை மாநாட்டைத் தொடங்கிவைத்து, பூமி நமக்குச் சொந்தமில்லை, நாம்தான் பூமிக்குச் சொந்தம் என்றீர்கள். கேட்டுக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருத்தி. அந்த மாநாட்டுக்கு நீங்களும், பிரதமர் சுனக்கும், வெளியுறவு அமைச்சர் கேமரனும் ஆளுக்கொரு விமானத்தில் போனீர்கள். ஒரே நாட்டிலிருந்து, ஒரே கூட்டத்துக்கு, மூன்று விமானம். என்னதான் மாற்று எரிபொருள், கரிம உமிழ்வுக்கு ஈடுகட்டுதல் என்று விளக்கம் சொன்னாலும், அன்றைக்கு நீங்கள் பேசியதைவிட அந்த மூன்று விமானம்தான் ஊர் வாயில் நின்றது.

இது முதல் தடவையும் இல்லை. கரிம உமிழ்வைக் குறைக்க வேண்டும் என்று 2007இல் சுவிட்சர்லாந்து பனிச்சறுக்கு விடுமுறையை விட்டுக்கொடுத்தீர்கள். அதே ஜனவரியில் சுற்றுச்சூழல் விருது வாங்க நியூயார்க்குக்குப் பறந்தீர்கள். விட்டுக்கொடுத்த விடுமுறையை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

எங்கே போவது என்பது பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். அரசுமுறைப் பயணங்களை அரசாங்கம்தான் தீர்மானிக்கிறது. 2024 அக்டோபரில், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நடுவே ஆஸ்திரேலியாவுக்கும் சமோவாவுக்கும் போனீர்கள். அங்கெல்லாம் ரயிலில் போகச் சொல்ல முடியுமா? கடல் உயர்வதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் தீவு மக்களை நேரில் போய்ப் பார்த்தது சரிதான். அந்தப் பயணத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எப்படிப் போவது என்பதில் உங்கள் விருப்பத்துக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. 2023 மார்ச்சில் மன்னராக முதல் அரசுமுறைப் பயணம் ஜெர்மனிக்குப் போனபோது, பெர்லினிலிருந்து ஹாம்பர்க்குக்கு நீங்களும் அரசியாரும் ஐசிஇ என்ற அந்நாட்டு அதிவேக ரயிலில் போனீர்கள். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அதே வருடம் செப்டம்பரில் பாரிஸுக்கு விமானத்தில் போய் ஓர்லி விமான நிலையத்தில் இறங்கினீர்கள். லண்டன் செயின்ட் பாங்க்ராஸில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் பாரிஸ் நடுவில் இறக்கிவிடுகிற ரயில் இருக்கிறதே! பாதுகாப்பு, நேரம் என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். பெர்லினில் அதே காரணங்களைத் தாண்டித்தானே ரயில் ஏறினீர்கள்.

பழைய பெட்டிகளை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடுங்கள், அதைப் பற்றிக் கவலையில்லை. அந்த இடத்தை ஹெலிகாப்டருக்குக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். உங்கள் தாயார் கிறிஸ்துமஸுக்கு சாண்ட்ரிங்ஹாம் மாளிகைக்குப் போகும்போது, லண்டன் கிங்ஸ் கிராஸில் சாதாரணப் பயணிகள் ரயிலில் ஏறி கிங்ஸ் லின்னில் இறங்குவார். கையில் பை, தலையில் ஸ்கார்ஃப். அந்த ரயில் இன்றும் ஓடுகிறது.

மரியாதையுடன்,
உங்கள் பேச்சைக் கேட்டு மாடித்தோட்டம் போட்ட ஒருத்தி