தரங்கம்பாடி வரலாற்றுச் சொற்பொழிவுகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதம் ஒரு சொற்பொழிவு என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். ஐப்பசி, கார்த்திகை இரண்டும் மழையோடு போயின. தேர்வுக் காலத்தில் மண்டபம் கிடைக்காமல் இன்னொரு மாதமும் போயிற்று. மற்ற மாதங்களில் கூட்டம் நடந்தது.

முதல் பேச்சு மாசிலாமணிநாதர் கோயில் பற்றியது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்த கோயில். கல்வெட்டில் நம் ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர். முன்பகுதியைக் கடல் கொண்டதைப் பேச்சாளர் சொன்னபோது மீனவப் பெரியவர்கள் இருவர் எழுந்து, தாங்கள் சிறுவயதில் ஓடியாடிய மணல் இன்று தண்ணீருக்குள் எங்கே கிடக்கிறது என்று விளக்கினார்கள். பேச்சாளர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

1620-இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்குக் கோட்டை கட்ட இடம் கொடுத்த கதைக்கும் நல்ல கூட்டம். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத்தகட்டில் எழுதிய கடிதம் கோபன்ஹேகனில் இருக்கிறது. "அதைத் திருப்பிக் கேட்கக் கூடாதா?" என்றார் ஒருவர். அவர்களுக்கு எழுதிய கடிதத்தை எப்படிக் கேட்பது? பேச்சாளர் சிரித்துச் சமாளித்தார்.

இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் அச்சுக்கூடம் பற்றியதுதான். 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. காகிதமோ கப்பலில் வரவேண்டும். அச்சகத்தில் எழுத்துக் கோத்த பழைய கம்போசிட்டர் ஒருவர் பின்வரிசையிலிருந்து எழுந்து, எழுத்து கொஞ்சம் பருத்தாலே பக்கம் எப்படிப் பெருகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதனால்தான் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715-இல் பைபிளின் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். கடுதாசிப் பட்டறை என்ற இடப்பெயர் அங்கே இன்னும் வழங்குகிறது. அந்தப் பக்கத்து உறுப்பினர்கள் சிலருக்கே பெயரின் காரணம் அன்றுதான் தெரிந்தது. பேச்சு முடிந்தும் டீக்கடை வாசலில் வெகுநேரம் நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

1845-இல் டேனிஷ்காரர்கள் நம் ஊரை விற்றது பற்றிய கூட்டம் சரியாக அமையவில்லை. வாடகைக்கு எடுத்த மைக் பாதியில் நின்றுபோனது. தரங்கம்பாடியும் வங்காளத்தில் அவர்களிடம் இருந்த சேராம்பூரும் 12.5 லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயர் கைக்கு மாறியதும், 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தபின் நம் துறைமுகம் படுத்ததும் முன்வரிசைக்கு மட்டுமே கேட்டன. அதை மறுபடி வைக்க வேண்டும். பழுதில்லாத மைக் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

என் கருத்து ஒன்று: திரையில் இருப்பதையே வரிவரியாக வாசிப்பவர்களை இனி அழைக்க வேண்டாம். அப்புறம், பேச்சுக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியாவது ஊர்க்காரர்கள் பேசட்டும். அவர்கள் சொன்னதை இந்த ஆண்டு நாம் எழுதி வைக்கவில்லை. அது என் தவறு. வரும் ஆண்டுக்கு ஒரு நோட்டு போட்டிருக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை நான் இங்கே படிக்கப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும். அறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்