ஆடு தொடாத இலை

ஹாலே, ஜெர்மனி
தை 8

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து 3 வாரம் ஆகிறது. ஃபோனில்தான் பேசுகிறோமே என்று விட்டுவிடாமல் நீங்கள் கைப்பட எழுதியிருக்கிறீர்கள், நான்தான் சோம்பிவிட்டேன். இதை அப்பாயிக்குக் கேட்கும்படி உரக்கப் படியுங்கள். தாளில் எழுதி வந்தால்தான் அவளுக்கு நம்பிக்கை.

பொங்கலன்று இங்கே மைனஸ் 7 டிகிரி. பால் பொங்கியதோ இல்லையோ, அடிப்பிடித்த புகைக்குக் கூரையில் இருந்த அபாய மணி அலறிவிட்டது. எதிர்வீட்டுக் கிழவி ஓடிவந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், எல்லா ஜன்னல்களையும் திறந்து போட்டாள். எந்தக் குளிரிலும் தினம் இரண்டு வேளை காற்றை மாற்றாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும் என்பது அவள் வேதம். அன்று பிடித்தது இருமல். மறுநாள் அவளே ஒரு ஜாடியோடு வந்தாள்: வெங்காயத்தை நறுக்கிச் சர்க்கரை தூவி இரவெல்லாம் ஊறவைத்த சாறு. அப்பாயியின் ஆடாதொடைக் கஷாயம்போலக் கசக்கவில்லை. அதனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மருந்துக்கடையில் கேட்டதற்கு அம்ப்ராக்சால் என்ற சளி மருந்தை எடுத்து வைத்தார்கள். ஆடாதொடையில் இருக்கும் வாசிசின் என்ற சத்தை மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற மருந்தைச் செய்தார்கள். அதிலிருந்து வந்தது இது. நம் ஆடாதொடை வேலியின் பேரனை இங்கே அட்டைப்பெட்டியில் விற்கிறார்கள் என்று அப்பாயியிடம் சொல்லுங்கள். விலையைப் பார்த்துவிட்டு, வெங்காயச் சாறே போதும் என்று வந்துவிட்டேன். இப்போது இருமல் இல்லை. டிராம் பாஸும் எடுக்கவில்லை. நடப்பது உடம்புக்கு நல்லதுதானே.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆடாதொடை இலைத்தூளை மெத்தனாலில் 3 நாள் ஊறவைத்து, வடித்து, ஆவியாக்கினால் கரும்பச்சைப் பிசின் மிஞ்சும். அதை அமில நீரில் கரைத்து, அம்மோனியா விட்டுக் காரமாக்கி, குளோரோஃபார்மில் இறக்கினால் வாசிசின் போன்ற ஆல்கலாய்டுகள் தனியே வரும். பிறகு சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயின் தலையில் ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒன்று விறுவிறுவென இறங்கும். இன்னொன்று மாமியார் வீட்டுக்குப் புறப்பட்ட பெண்போலத் தயங்கும். இறங்குவதைச் சிறு குழாய்களில் பிடித்து, தகட்டில் பொட்டு வைத்து, டிராகண்டார்ஃப் திரவம் தெளித்தால் ஆல்கலாய்டு ஆரஞ்சு நிறத்தில் காட்டிக்கொடுக்கும்.

தீபாவளிக்கு அடுத்த வாரம் புதிதாக ஒரு பொட்டு வந்தது. மொத்தம் 6 மில்லிகிராம், இரண்டு மூன்று கடுகு எடை. வாசிசினின் மூலக்கூறு எடை 188, இதற்கு 202. கூடுதல் 14 என்றால் ஒரு மெத்தில் ஒட்டியிருக்கிறது, யாரும் பார்க்காத பொருள் என்று இரவெல்லாம் தூக்கமில்லை. அப்பாயி பெயரை எப்படி நுழைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். துல்லிய எடை வந்தபோது கணக்குக்கு 0.036 குறைந்தது. மெத்தில் இல்லை, 2 ஹைட்ரஜன் போய் ஓர் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது. வாசிசினோன். 1959-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். காற்றுப் பட்டாலே வாசிசின் அப்படி மாறும். குழாயைத் திறந்து வைத்தது நானாகவும் இருக்கலாம்.

வாசிசினை முதலில் பிரித்தவர் டேவிட் ஹூப்பர், 1888-இல். கொய்னா மருந்து தரும் சின்கோனாப் பட்டையை ஆராய அரசாங்கம் ஊட்டியில் வைத்திருந்த வேதியியலர். ஊட்டியில் முடிந்த வேலைக்கு நான் ஹாலே வரை வந்திருக்கிறேன் அப்பா. தூள் டப்பாவைத் திறந்தால் அந்த வாடை வரும். இங்கே எல்லோரும் முகம் சுளிப்பார்கள். நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். கிணற்றுமேடு, ஆடுகள், அம்மா கூப்பிடும் குரல். பிறகு மூடிவிடுவேன்.

இலை உலர்த்தி அனுப்பட்டுமா என்று அம்மா கேட்டிருக்கிறாள். வேண்டாம். ஆராய்ச்சிக்கு என்றால் சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். பருப்புப் பொடி அனுப்பச் சொல்லுங்கள்.

சித்தப்பா அந்த வேலியை வெட்டிக் கம்பி போடப்போவதாக எழுதியிருக்கிறீர்களே, ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆடு தொடாத வேலிக்குக் கம்பி எதற்கு? அவர் பிடிவாதம் பிடித்தால் முதலில் சர்வேயரை வரவழைத்து அளந்து கல் ஊன்றட்டும். செலவில் பாதி என்று இப்போதே வாய்விட்டுவிடாதீர்கள். கூட்டுறவு சங்கத்தில் என் சங்கிலிக்கு வட்டி மட்டும் கட்டித் திருப்பி வையுங்கள். இந்த மாதம் பணம் அனுப்பவில்லை, அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று எழுதவில்லையே. அப்பாயியின் கண் ஆபரேஷனை மாசிக்குத் தள்ள வேண்டாம், தையிலேயே முடித்துவிடுங்கள்.

உங்கள் மகள்,
தேன்மொழி