ஐஸ் சீட்டுக்குப் பின்னால் எழுதிக் கொண்டுவந்த பெரியப்பாவுக்கும், மற்ற எல்லாருக்கும்

நம் சங்கத்து ஆட்களுக்கு,

நேற்று ராத்திரி நம் ஏலக் கணக்குத் தளம் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. படுத்தால் தூக்கம் வரவில்லை, அதனால் எழுந்து இதை எழுதுகிறேன். இந்த நான்கு நாள் என்ன பாடு பட்டோம் என்பது உங்களுக்கே தெரியும். 61 நாள் தடைக்காலம் முடிந்து, முதல் மீன்பாடு வந்து இறங்குகிற நேரத்தில் சர்வரை நிறுத்தி வைப்பதென்றால் யாருக்குத்தான் கோபம் வராது. வந்த கோபத்தையும் மூடி வைத்துக்கொண்டு "நீ பாரும்மா, நாங்க நோட்டுல எழுதிக்கிறோம்" என்று சொன்னீர்களே, அதற்கு முதல் நன்றி.

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஒருவருக்காக. ஐஸ் அறை வாட்ச்மேன் பெரியப்பா.

இதெல்லாம் ஆரம்பித்த அன்றைக்கு ராத்திரி ஒரு மணி இருக்கும். ஐஸ் அறையில் இருக்கிற லேண்ட்லைன் அடித்திருக்கிறது. நம் கணக்குத் தளத்தின் அடியில் தொடர்புக்கென்று அந்த ஒரு எண்தான் இருந்தது, அதை மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. பேசியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. தமிழ்தான், ஆனால் நம் பக்கத்துப் பேச்சு இல்லை என்றார் பெரியப்பா. உங்கள் சர்வரில் ஒரு கதவு திறந்து கிடக்கிறது, பார்த்துக்கொள்கிற ஆளிடம் உடனே சொல்லுங்கள் என்றாராம்.

பெரியப்பா முதலில் கேட்டது, "பணம் ஏதும் கேப்பீங்களா? ஓடிபி சொல்லணுமா?" என்று. இல்லை, எதுவும் வேண்டாம், எழுத மட்டும் செய்யுங்கள் என்று பதில் வந்திருக்கிறது. அதற்கப்புறம்தான் அவர் பேனாவை எடுத்திருக்கிறார்.

அந்தச் சீட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. முன்பக்கம் ஐஸ் பார் கணக்கு, பின்பக்கம் இப்படி: "ஏ ஜே பி. 8009 (எட்டு சைபர் சைபர் ஒம்பது). மூடணும். டாம்கேட் 9.0.27 பழசு. 9.0.31லயே சரி பண்ணியாச்சு. 2020." ஏலச் சீட்டில் தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுவோமே, அதே மாதிரி. எழுதி முடித்ததும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைத்திருக்கிறார். எனக்கு அடித்துப் பார்த்திருக்கிறார், என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. பக்கத்தில் இருந்தவரை அறையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேதாளைக்கு என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். கச்சான் காற்று எப்படி அடித்தது என்று உங்களுக்குத் தெரியும். மண்டபத்திலிருந்து வேதாளை வரைக்கும் எதிர்காற்று. வாசலில் நின்றவர் கண்ணெல்லாம் மணல்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலமா. கதவு தொறந்து கெடக்குன்னு மட்டும் வெளங்குச்சு. அத காலையில சொல்லலாம்னு விட முடியுமா?"

இதைப் பற்றித்தான் நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் போனை நான் எடுத்திருந்தால், ஏமாற்றுக்காரன் என்று பாதியில் வைத்திருப்பேன். கம்ப்யூட்டர் படித்த நான் வைத்திருப்பேன், அவர் வைக்கவில்லை. சந்தேகப்பட வேண்டியதைக் கேட்டுத் தெளிந்தார், அப்புறம் புரியாததை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.

விஷயம் இதுதான். நம் கணக்குத் தளத்தை சர்வரில் ஓட்டுகிற மென்பொருளின் பெயர் டாம்கேட். அதற்கு முன்னால் வேறொரு வெப் சர்வரை வைத்தால் இரண்டும் பேசிக்கொள்ள ஏஜேபி என்று ஒரு வழி உண்டு. பழைய பதிப்புகளில் அது 8009ஆம் போர்ட்டில், அதாவது சர்வரில் அந்த எண் போட்ட வாசலில், தானாகவே திறந்திருக்கும், எங்கிருந்து வந்தாலும் பதில் சொல்லும். நமக்கு அந்த வழி தேவையே இல்லை, ஆனாலும் திறந்தே இருந்தது, வெளியாட்களைத் தடுக்க வேண்டிய ஃபயர்வாலும் மறிக்கவில்லை. அதன் வழியே உள்ளே இருக்கிற கோப்புகளை, டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் எழுதி வைத்த கோப்பு உட்பட, வெளியில் இருக்கிற ஒருவர் வாசித்துவிட முடியும். இந்த ஓட்டைக்குக் கோஸ்ட்கேட் என்று பெயர் வைத்தார்கள், பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2020-1938. 2020 பிப்ரவரியிலேயே 9.0.31, 8.5.51, 7.0.100 பதிப்புகளில் சரிசெய்து வெளியிட்டுவிட்டார்கள். நாம் 2019இல் போட்டதை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தோம். போதாததற்கு எர்ரர் பக்கத்தில் பதிப்பு எண்ணையும் காட்டிக்கொண்டிருந்தது.

பெரியப்பா திண்ணையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே டாம்கேட்டின் அமைப்புகளை எழுதி வைத்திருக்கிற server.xml கோப்பில் ஏஜேபிக்கான அந்த ஒரு வரியை முடக்கி டாம்கேட்டை மறுபடி கிளப்பினேன். "மூடிருச்சா?" என்றார். மூடியாச்சு என்றேன். சரி என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், டீ கூட வேண்டாம் என்றுவிட்டார்.

மூடினால் மட்டும் போதாது, அதற்கு முன்பே யாராவது வந்து போயிருந்தால்? அதனால்தான் நான்கு நாள். புது இயந்திரம், 9.0 வரிசையில் இப்போது வந்திருக்கிற பதிப்பு, எல்லா பாஸ்வேர்டும் புதுசு. டாம்கேட்டோடு சேர்ந்து வருகிற, நமக்குத் தேவையில்லாத மேனேஜர், எடுத்துக்காட்டு செயலிகளை எடுத்துவிட்டேன். டாம்கேட் இனி எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக ஓடாது, அதிகாரம் குறைந்த தனிப் பயனர் பெயரில்தான் ஓடும். கணக்கில் ஒரு பைசா மாறவில்லை என்று நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டோம்.

அந்த ஒப்பிடும் வேலைக்கு வந்து உட்கார்ந்த ராமநாதபுரத்துக் கல்லூரித் தம்பி தங்கைகள், நோட்டைத் தெளிவாக எழுதி வைத்த ஏலக்காரர்கள், சேமிப்புப் பணத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்காமல் காத்திருந்த பாசி எடுக்கிற அக்காமார்கள், கரண்ட் போன ராத்திரி ஜெனரேட்டர் வயரை இழுத்துக் கொடுத்த ஐஸ் கம்பெனி அண்ணன், சாப்பாடு கொண்டுவந்த மதினி, எல்லாருக்கும் நன்றி. எங்கோ உட்கார்ந்து டாம்கேட்டின் ஓட்டைகளை அடைத்து, எந்தப் பதிப்பில் எது சரியானது என்று ஒன்று விடாமல் எழுதி வைக்கிறவர்களுக்கும். அவர்கள் எழுதி வைத்ததை இத்தனை வருஷம் நான் வாசிக்காமல் இருந்தது என் தப்பு. இனிமேல் புதுப் பதிப்பு வந்தால் அந்த வாரத்துக்குள் வாசித்து, போட வேண்டியதைப் போட்டு, போட்ட தேதியைச் சங்கத்துப் பலகையில் எழுதுவேன். எழுதாவிட்டால் நீங்கள் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

அப்புறம், போன் செய்த அந்த முகம் தெரியாத ஆளுக்கு. நீங்கள் பெயரைச் சொல்லவில்லை, தேடவும் மாட்டோம். இப்போது தளத்தில் என் எண்ணும் மின்னஞ்சலும் போட்டிருக்கிறேன், ஆனாலும் லேண்ட்லைனை எடுக்கவில்லை. மறுபடி ஏதாவது கண்ணில் பட்டால் அதற்கே கூப்பிடுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெரியப்பா இருப்பார். போனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும், கயிறு கட்டிய பேனாவும் தொங்கவிட்டிருக்கிறோம்.