ஆப்பிரிக்க முகமூடின்னா எந்த ஊரு முகமூடி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் என் பொண்ணு படிக்கிற ஸ்கூல்ல, குடியாத்தத்துல தான், ஆப்பிரிக்க முகமூடிங்கள பாத்து பசங்க புதுசா செஞ்ச முகமூடிய எல்லாம் எக்ஸிபிஷன் வச்சாங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு, அத மொதல்ல சொல்லிடறேன்.

என் பொண்ணு எடுத்துக்கிட்டது சியரா லியோன் நாட்டு மெண்டே ஜனங்களோட சோவெய் முகமூடி. வயசுக்கு வர்ற பொண்ணுங்களுக்கு சடங்கு நடத்துறப்போ பொம்பளைங்களே போட்டுக்கிட்டு ஆடுறது, கருப்பா பளபளன்னு, சின்ன வாய், கீழ பாக்குற கண்ணு, கழுத்துல மடிப்பு மடிப்பா இருக்கும். பலூன் மேல பேப்பர கிழிச்சு மைதா பசைல ஒட்டி ஒட்டி நாலு நாள் காய வச்சா அவ. நான் ஷூ கம்பெனில மிஷின் தைக்கிறவ, சூப்பர்வைசர்கிட்ட கேட்டு வெட்டிப்போட்ட தோல் துண்டு கொண்டாந்து குடுத்தேன், அதுல கழுத்து மடிப்பு, ஷூ லேஸ்ல சடை. அவ கூட படிக்கிற பையன் ஒருத்தன் பழைய ஆயில் கேன வெட்டி, கைப்பிடி மூக்கு, ஊத்துற வாய் தான் வாய்னு செஞ்சிருந்தான், பெனின் நாட்டுல ரோமுவால்ட் அசுமேன்னு ஒரு கலைஞர் பெட்ரோல் கேன்ல இப்படித்தான் செய்வாராம், டிராயிங் டீச்சர் போட்டோ காட்டுனாங்களாம்.

இவ்ளோ செஞ்சும் எல்லாத்துக்கு கீழயும் ஒரே சீட்டு, "ஆப்பிரிக்க முகமூடி". 54 நாடு இருக்கிற கண்டங்க அது. பாக்க வந்தவங்க ரெண்டு பேரு "என்னா பேய் மூஞ்சா"ன்னு கேட்டுட்டு போனாங்க, என் பொண்ணு மூஞ்சி சுருங்கிப் போச்சு.

நம்ம ஊர்ல வைகாசி 1ஆம் தேதி தரணம்பேட்டைல இருந்து கெங்கையம்மன் சிரசு, அதாவது அம்மனோட தலை, கெளம்பி கோபாலபுரம் கோயிலுக்கு வருதே, எத்தனை ஆயிரம் ஜனம் நின்னு கும்பிடுது, அத எங்கயோ வெளிநாட்டுல வச்சு "ஆசிய பொம்மைத் தலை"ன்னு எழுதிப் போட்டா நமக்கு வயிறு எரியாதா? அவங்களுக்கும் அப்படித்தான இருக்கும்.

ஸ்கூல் நடத்துறவங்கள கேட்டுக்கிறேன், அடுத்த தடவை ஒவ்வொரு முகமூடிக்கும் கீழ எந்த நாடு, எந்த ஜனம், எதுக்கு போடுறாங்கன்னு மூணு வரி எழுதுங்க. அத பசங்க கையாலயே எழுத விடுங்க, அவங்களுக்கு தெரியும். நம்ம பக்கத்து கூத்துக்காரங்க ஒருத்தர கூப்பிட்டு கிரீடமும் தோள்ல கட்டுற புஜக்கட்டையும் எப்படி செய்றாங்கன்னு காட்ட சொன்னா இன்னும் நல்லது. தயவு செஞ்சு டிராயிங் பீரியட கணக்கு பாடம் நடத்த எடுத்துக்காதீங்க.

இப்படிக்கு,
ஒரு அம்மா, குடியாத்தம்