பிளந்த பாறையில் எண்ணெய் எப்படித் தங்குகிறது?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்தது நல்ல சேதி. ஆனால் படி ஏறாதே என்று டாக்டர் சொன்னாலும் மொட்டை மாடித் தோட்டத்தை நீ விடப்போவதில்லை, எனக்குத் தெரியும். நான் இப்போது கலிபோர்னியாவின் லாங் பீச்சில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேரன் பள்ளிக்குப் போய்விட்டால் பகல் முழுக்கச் சும்மாதான். அதனால் உன் கேள்விக்கு நிதானமாகவே பதில் எழுதுகிறேன்.

அடியக்கமங்கலம் பக்கம் எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாய்: "கீழே பாறை பிளந்து கிடக்கிறது என்கிறாய், எண்ணெயை அந்தப் பிளவோரம்தான் தேடுவோம் என்கிறாய். விரிசல் விட்ட பானையில் தண்ணீர் நிற்குமா?"

நல்ல கேள்வி. ஆனால் பானையை மற. கீழே எண்ணெய் குளம்போலக் கிடப்பதில்லை. மணற்பாறையின் மணிகளுக்கு இடையே உள்ள நுண்ணிய துளைகளில், தண்ணீரோடு சேர்ந்து இருக்கிறது. தண்ணீரைவிட லேசானது என்பதால், சாய்ந்து கிடக்கும் அடுக்கின் வழியே மெல்ல மேலேறிக்கொண்டே இருக்கும். அது ஒழுகுவது கீழே அல்ல, மேலே. ஏதாவது மறித்தால்தான் நிற்கும்.

பிளவு வந்தால் ஒரு பக்கத்துப் பாறை நழுவி இறங்குகிறது, அல்லது பக்கவாட்டில் நகர்கிறது. மணற்பாறை அடுக்கு பாதியில் அறுந்து, அதன் வெட்டுமுகத்துக்கு எதிரே களிப்பாறை வந்து நின்றால் எண்ணெய்க்கு வழி அடைபட்டது. களிப்பாறையின் துளைகள் அவ்வளவு சிறியவை; அங்கே இருக்கும் தண்ணீரைத் தள்ளிவிட்டு எண்ணெயால் நுழைய முடியாது. எதிரே இன்னொரு மணற்பாறை வந்து நின்றாலோ, தாண்டிப் போய்விடலாம். ஆக ஒரே பிளவு ஓர் ஆழத்தில் சுவர், நூறு மீட்டர் தள்ளி வாசல். எந்த அடுக்குக்கு எதிரே எந்த அடுக்கு நிற்கிறது என்று பிளவின் முகம் நெடுக வரைந்து பார்ப்பது எங்கள் தொழிலில் பாதி வேலை. ஆலன் என்பவர் 1989-இல் வெளியிட்ட வரைபட முறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

மணலும் மணலும் எதிரெதிரே நின்றாலும் சில நேரம் அடைப்பு உண்டு. நகரும்போது நடுவில் அகப்பட்ட களி இழுபட்டுப் பிளவின் முகத்தில் பூசிக்கொள்ளும். மணல் மணிகளும் அரைபட்டு மாவாகும். நழுவிப்போன பாறைகளில் ஐந்தில் ஒரு பங்கு களி இருந்தால் அடைப்பை நம்பலாம் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு கிணறு தோண்டச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. எந்த அடைப்பும் ஓரளவுக்குத்தான் தாங்கும். கீழே சேரும் எண்ணெயின் உயரம் கூடக்கூட அழுத்தமும் கூடும், ஒரு கட்டத்தில் கசியத் தொடங்கும்.

நான் இருக்கும் இந்த ஊரே இதற்கெல்லாம் சாட்சி. நியூபோர்ட்–இங்கிள்வுட் பிளவு நகரத்துக்கு அடியில் ஓடுகிறது. அதன் மேலேயே வரிசையாகச் சின்னச் சின்னக் குன்றுகள், குன்றுக்குக் குன்று எண்ணெய் வயல். சிக்னல் ஹில்லில் 1921-இல் எண்ணெய் வந்ததும் குன்று முழுக்க மர கோபுரங்கள் முளைத்து, 'முள்ளம்பன்றிக் குன்று' என்றே பெயர் வந்துவிட்டதாம். இங்கே எண்ணெயைப் பிடித்து வைத்தது பிளவு மட்டுமல்ல, அதோடு சேர்ந்து வளைந்த பாறை மடிப்புகளும்தான். 1933-இல் இதே பிளவு அசைந்தது. 6.4 அளவு நிலநடுக்கம், நூற்றுக்கு மேல் சாவு. வயல்கள் அதற்கப்புறமும் எண்ணெய் தந்துகொண்டுதான் இருந்தன.

பக்கத்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், வில்ஷயர் சாலையோரம் லா பிரேயாவில் எண்ணெய் தரைக்கே வந்து நிற்கிறது. அடியில் இருக்கும் வயலிலிருந்து பிளவு வழியே ஏறி, லேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் தார்க்குட்டை. அதில் சிக்கி மாண்ட வாள்பல் பூனைகளின் எலும்புகளை அங்கேயே மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். பேரனோடு போனேன். குட்டையில் மீத்தேன் குமிழ்கள் 'பொளக்' என்று வெடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றான். எலும்புகளை அவன் சட்டை செய்யவே இல்லை! அந்தப் பக்கம்தான் 1985-இல் ஒரு துணிக்கடையில் வாயு தீப்பிடித்து 23 பேர் காயம்பட்டார்கள். சதுப்பு வாயு என்றார்கள் ஒரு சாரார், எண்ணெய் வயலின் வாயுதான் என்றார்கள் இன்னொரு சாரார்.

இன்னொன்று. 2015-இல், நியூபோர்ட்–இங்கிள்வுட் ஓரக் கிணறுகளின் வாயுவில் ஹீலியம்-3 அளவு அதிகமாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அது பூமியின் மேலோட்டுக்கும் கீழிருந்து வருவது. எண்ணெயை இத்தனை காலம் காத்த பிளவு, அத்தனை ஆழத்திலிருந்து ஹீலியத்தை மட்டும் மேலே விட்டிருக்கிறது! ஒரு பிளவைச் 'சுவர்' என்றோ 'வாசல்' என்றோ ஒரே சொல்லில் முத்திரை குத்தும் அறிக்கைகளை நான் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் பக்கம் கதை வேறு. கோண்டுவானாக் கண்டம் உடைந்தபோது நிலம் இழுபட்டு, காவிரிப் படுகையின் அடித்தளம் மேடும் பள்ளமுமாக உடைந்தது. பள்ளங்களில் சேர்ந்த களிப்பாறையில் எண்ணெய் உருவாகி, மேடுகளின் பக்கம் ஏறியது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே உள்ள பிளவுகளில் எது விட்டது, எது மறித்தது என்பதைக் கிணறு கிணறாகத்தான் சொல்ல முடியும்.

தை பிறந்ததும் ஊருக்கு வருவேன். பூமிக்குள் அதிர்வலை அனுப்பி எடுக்கும் சீஸ்மிக் படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டுகிறேன், அதில் பிளவை நீயே கண்டுபிடித்துவிடுவாய். பேத்தியின் பரீட்சை எப்படிப் போனது? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
சந்திரன்