பங்கு ஆலயப் பராமரிப்புச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

பங்குத்தந்தை அவர்களுக்கும் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஒன்று மட்டும் மழையால் தள்ளிப்போனது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம்முடைய நேரத்தையெல்லாம் விழுங்கியது கூரைதான். புதுத் தகரம் சொன்ன தவணைக்கு வராமல், இரண்டு ஞாயிறு பூசையை தார்ப்பாய்க்குக் கீழே வைத்தோம். தகரத்தில் மழை விழும் சத்தத்தில் பிரசங்கம் கேட்காது என்று குறைப்பட்டவர்கள், தார்ப்பாயில் அது இன்னும் மோசம் என்று தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் கூரையைக் கழற்றப் போய்த்தான் கோயிலின் சரித்திரம் கொஞ்சம் கையில் கிடைத்தது. பாடகர் மேடைக்கு மேலே பழைய தகரத்தை இறக்கிய மேசன் பாஸ் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சுவரின் தலைப்பில், சுண்ணாம்புச் சாந்தில், நான்கு விரல் பதிந்த தடம். சின்னக் கை. பெண்ணுடையதாகவோ பிள்ளையுடையதாகவோ இருக்க வேண்டும்.

நம் கோயிலைப் பற்றிப் பேசினால் 1692இல் கண்டிக்கு வந்து, உளவாளி என்று சிறைப்பட்ட புனித யோசேப் வாஸ் அடிகளிலிருந்து தொடங்குவது வழக்கம். சரி, அது மலைநாட்டுத் திருச்சபைக்கே பெருமை. நம் ஆட்கள் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தது கோப்பிக் காலத்தில். 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழிய, தேயிலை வந்தது. ரயில் 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ஏறியது. அதுவரை மாட்டு வண்டியில் வந்த தகரமும் இரும்பும் அதன்பிறகு ரயிலில் வந்தன. 1886இல் கண்டி மறைமாவட்டம் ஆனது. கோயில் எழும்பும் வரை இங்கே பூசை ஸ்டோரில், அதாவது தோட்டத் தொழிற்சாலையில்தான். சுவாமி வராத ஞாயிறுகளில் உபதேசியார் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் செபம் சொல்வாராம்.

கருங்கல்லும் மணலும் ஆற்றிலிருந்து வந்தன. அந்திக் கொழுந்தைத் தராசில் நிறுத்த பிறகு, கூடையைக் கழற்றி வைத்துவிட்டு, தலையில் சும்மாடு வைத்துச் சுமந்தவர்கள் பெண்கள் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். வாசல் கல்லில் இருப்பதோ நிலம் கொடுத்த தோட்டத் துரையின் பெயர். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு சுமந்தவர்களின் பிள்ளைகளில் பலர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர்கள் பெயர் மட்டும் இங்கே நிற்கிறது.

எனவே துரையின் கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல் வைக்கலாம் என்று நான் சொன்னேன். யார் பெயரைப் போடுவது, யார் பெயரை விடுவது என்று இரண்டு கூட்டங்களில் சண்டை போட்டு, அது அப்படியே நிற்கிறது. முடிவானது ஒன்றுதான்: விரல் தடத்தைப் பூசி மறைக்கக் கூடாது. ஈரம் இறங்கும் என்று பாஸ் முணுமுணுத்தார். அப்புறம் அவரே அதைச் சுற்றி சிமெந்து விளிம்பு கட்டிக் கொடுத்தார்.

பாடகர் குழுப் பிள்ளைகள் அதில் விரல் வைத்துப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். நானும் ஒருமுறை வைத்துப் பார்த்தேன், அது வேறு விடயம்.

செயலாளர்